பதினேழாவது கட்டம்

என் மகளின் இதயம் வரும் வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கும் பதினொன்று முப்பதுக்கும் இடையில் ஒரு துடிப்பைத் தவறவிட வேண்டும் என்று எங்களுக்கு எழுத்து மூலம் உத்தரவு வந்தது. கீழே மூன்று கையெழுத்துகளும் ஒரு வட்ட முத்திரையும் இருந்தன. முத்திரை கோணாமல் விழுந்திருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை போட்டவன் நான். நேராக விழுந்த முத்திரைக்கு மரியாதை கொடுத்தே பழகிவிட்டேன். அதனால் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகள் சிரித்தாள். "அப்பா, இதுக்கு லேட்டா போனா என்ன ஆகும்? இதயம் முன்னாடியே தப்பிடுச்சுன்னா?" என்றாள்.

அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலுக்குக் கீழேயும் கண்ணாடிதான். அதில் உட்கார்ந்து கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிகளின் மேல் இறக்க வேண்டும். மொத்தம் ஏழு கிரேன்கள். ஐந்தாவது அவளுடையது. ஒன்பது ஆண்டுகளில் ஒரு பெட்டியின் மூலை கூட அவள் கையில் நசுங்கியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஆண்டுப் பரிசோதனையில் துறைமுக மருத்துவர் அவள் மார்பில் குழாயை வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கேட்டார். பிறகு "எப்போதாவது சீரற்ற துடிப்பு" என்று மூன்று சொற்கள் எழுதினார். அந்த மூன்று சொற்களோடு அவளுடைய கோப்பு இதயத் தாள வாரியத்துக்குப் போனது. வாரியம் சான்றிதழ் தரும்வரை அவள் கிரேனில் ஏறக்கூடாது; கீழே கிடங்கில் உட்கார்ந்து ஆட்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் வராவிட்டால் ஐந்தாம் கிரேன் வேறொருவருக்குப் போய்விடும். முப்பத்து நான்கு வயதில் அவள் கையுறைக்காரி ஆகிவிடுவாள்.

வாரியத்தின் விண்ணப்பத்தில் நாற்பத்திரண்டு கட்டங்கள் இருந்தன. குடும்பத் தலைவர் தன் கைப்பட நிரப்ப வேண்டும் என்று போட்டிருந்தது. முதல் பதினாறு கட்டங்களில் பெரிய சங்கடம் ஒன்றுமில்லை. பதினேழாவது கட்டம் இப்படிக் கேட்டது: "குடும்பத்தில் எவரேனும் நாற்பது வயதுக்குள் திடீரென இறந்ததுண்டா?"

என் அண்ணன் முப்பத்தோராவது வயதில், வேலைக்குப் போன இடத்தில், மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோதே செத்துப்போனான். காய்ச்சல் இல்லை, அடி இல்லை. ஏறிக்கொண்டிருந்தவன் உட்கார்ந்தான், சாய்ந்தான், அவ்வளவுதான். வீட்டில் அப்போது கல்யாணத்துக்கு மூன்று தங்கைகள். இதயக் கோளாறு உள்ள குடும்பம் என்று ஒருத்தன் வாயிலிருந்து வந்துவிட்டால் மூவரும் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். அப்பாதான் முடிவு செய்தார். அண்ணன் வழுக்கி விழுந்தான். நாற்பத்து நான்கு ஆண்டுகளாக அவன் வழுக்கிக்கொண்டேதான் இருக்கிறான். அப்பாவுக்குப் பிறகு அதைக் காத்துவருகிறவன் நான்.

இதில் உண்மை தெரிந்த இன்னொருத்தி என் மனைவி. விண்ணப்பத்தை நிரப்பும்போது என் தோளுக்குப் பின்னால் நின்றவள், அந்தக் கட்டம் வந்ததும் மெதுவாக, "எழுதிடுங்க" என்றாள். உன் பெண்ணுக்குக் கிரேன் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் "இல்லை" என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும்.

இதயத் தாள வாரியம் ஆறு மாடிக் கட்டடம். லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும். இதயத்தில் சிக்கல் என்று வருகிறவர்கள் படியேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் "சீராக ஏறவும்" என்று ஒரு பலகை. சுவரில் பதித்த ஒலிபெருக்கிகளிலிருந்து நிமிடத்துக்கு எழுபத்திரண்டு வீதம் டக், டக் என்று ஓர் ஒலி வந்துகொண்டே இருக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் மாடிக்குப் போவதற்குள் எல்லோரும் அதற்கேற்பக் கால் வைக்கத் தொடங்கியிருந்ததைக் கவனித்தேன். நானும்தான். மூன்றாம் மாடியில் ஒரு முதியவர் இருமினார். காவலாளி அவரைத் தனியே அழைத்து, இருமுவதானால் ஒலிக்கு நடுவில் இருமாமல் ஒலியோடு சேர்ந்து இருமும்படி கேட்டுக்கொண்டான். முதியவர் முயன்று பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மூன்றாம் கவுண்டரில் இருந்தவர் எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார். "எப்போதாவது" என்பதை வாரியம் ஏற்காது, தேதியும் நேரமும் போட வேண்டும் என்றார்.

"எப்போ தப்பும்னு தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க வரப்போறேன்?" என்றாள் மகள்.

"தெரியாதுன்னு எழுத இதுல கட்டம் இல்லம்மா," என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. பல்லி ஓடுவதைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார். கடைசியில் அவராகவே ஒரு நேரத்தை ஒதுக்கினார், உத்தரவு தபாலில் வரும் என்றார். அதுதான் அந்த வியாழக்கிழமை.

அன்று ஆறாம் மாடியில் ஒரு நீண்ட அறையில் பத்துக் கட்டில்கள். கம்பிகள் ஒட்டுகிற பெண்மணியை எல்லோரும் வயர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். ஒரு காதில் கம்மல், இன்னொரு காதில் பேனா. என் மகளின் மார்பிலும் கை கால்களிலும் கம்பிகளை ஒட்டிவிட்டு, திரையைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் குடும்பத் தலைவர் என்பதால் திரைச்சீலைக்கு இப்பால், கருவியின் திரை தெரிகிற இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். பதினொன்று இருபதுக்கு மணி அடித்தது. பத்து நிமிடமும் என் மகளின் இதயம் அணிவகுப்பில் போகிற சிப்பாய்போல அடித்தது. வேறொரு கட்டிலில் இருந்த ஒருவருக்கு மட்டும் குறித்த நேரத்தில் தப்பியது. அவரை எல்லோரும் பொறாமையோடு பார்த்தார்கள். பதினொன்று முப்பதுக்கு மறுபடி மணி. வயர் அக்கா முதல் கம்பியில் கை வைத்தபோது, திரையில் ஒரு கோடு அவசரப்பட்டு முன்னால் எழும்பியது. பிறகு ஓர் இடைவெளி. பிறகு பெரிதாக ஒன்று.

"வந்துச்சு," என்றேன்.

"நேரம் முடிஞ்சு வந்துச்சு," என்றாள் அவள். கடிகாரத்தைக் காட்டினாள். தாளில் ஏற்கெனவே அச்சடித்திருந்த வரியின் மேல் முத்திரை விழுந்தது: கோரப்பட்ட சீரின்மை ஆஜராகவில்லை.

பசையைத் துடைத்துவிட்டபடியே அவள் தாழ்ந்த குரலில் சொன்ன விஷயங்கள்தான் அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட ஒரே பொருளுள்ள பேச்சு. இந்த மாதிரித் துடிப்பு பாதிப் பேருக்கு இருக்கிறதாம். ஒன்று முந்திக்கொண்டு வந்துவிடும், அதனால் ஒரு நொடி வெற்றாகும், அடுத்தது பலமாக இடிக்கும். இதயம் நின்றுவிட்டதுபோல நமக்குத் தோன்றும், நிற்காது. காபி அதிகம், தூக்கம் குறைவு, மனக்கவலை, சளி மருந்து என்று எதனாலும் வரலாம். காபியைக் குறைத்து நன்றாகத் தூங்கினாலே பலருக்கு அடங்கிவிடும். பயந்து பயந்து நாடி பிடித்துப் பார்த்தால் இன்னும் கூடும்.

"ரெண்டே ரெண்டு விஷயம்தான் நான் கேப்பேன்," என்றாள். "எப்பவாவது மயங்கி விழுந்திருக்கியாம்மா?"

"இல்லக்கா," என்றாள் மகள், கேள்வி முடியும் முன்பே.

"வீட்ல யாராவது சின்ன வயசுல, நல்லா இருந்தவங்க, திடீர்னு போயிருக்காங்களா?" இதைக் கேட்டபோது அவள் பார்த்தது என்னை. நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவள் மேலும் ஒரு நொடி பார்த்துவிட்டு, அப்போ பிரச்சினையில்லை சார், அந்த ஒரு கட்டம்தான் இந்த ஃபார்மிலேயே பிரயோஜனமுள்ள கட்டம், மற்ற நாற்பத்தொன்றும் பொழுதுபோகாமல் போட்டது என்றாள்.

படியிறங்கும்போது மகள் இலேசான மனதோடு இருந்தாள். இனிமேல் இரண்டு காபிதான் என்று எனக்கு வாக்குக் கொடுத்தாள். நான் ஒலிபெருக்கியின் டக் டக்குக்குக் கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமும் அப்படியே. இதயம் ஆஜராகவில்லை. இப்போது முத்திரையோடு ஓர் எச்சரிக்கையும் வந்தது: மூன்றாவது முறையும் சீரின்மையை முன்னிலைப்படுத்தத் தவறினால், பொய்ப் புகார் கொடுத்தவராகக் கருதப்படுவார். அவள் புகாரே கொடுக்கவில்லை, துறைமுக மருத்துவர்தான் எழுதினார் என்று மூன்றாம் கவுண்டரில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதயம் யாருடையது என்றார்.

ஆனால் ஒரு மாற்று வழியும் இருந்தது. வீட்டுப் பதிவு. விண்ணப்பதாரரின் நாடியைக் குடும்பத் தலைவர் ஒரு நாள் முழுக்கப் பிடித்துப் பார்த்து, தவறும் ஒவ்வொரு துடிப்பையும் நேரத்தோடு எழுதி, "நான் கண்ணாரக் கண்டேன்" என்று கையொப்பமிட வேண்டும். துடிப்பை எப்படிக் கண்ணாரக் காண்பது என்று கேட்டேன். அதுதான் படிவத்தின் வாசகம், மாற்ற முடியாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். சாப்பாட்டு மேசையின் மேல் அவள் இடது கை, அதன் மேல் என் மூன்று விரல்கள், பக்கத்தில் நோட்டு, கடிகாரம். அவள் வலது கையால் சாப்பிட்டாள், பத்திரிகை புரட்டினாள், அம்மாவோடு எதையோ பேசிச் சண்டையும் போட்டாள். நான் நாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தராசு சோதிக்கும்போது கை நடுங்காமல் காத்திருக்கப் பழகியவன். பத்தே காலுக்கு முதல் தடவை வந்தது. விரலுக்கடியில் ஒன்று அவசரமாக ஓடியது, பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டியதுபோல ஓர் இடி.

எனக்கு அது புதிதில்லை. அண்ணன் சாவதற்கு இரண்டு மாதம் முன்னால் என் விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்து, "பார்றா, நடுவுல ஒருத்தன் காணாமப் போறான்" என்று சிரித்தான். நான் நம்பாமல் மறுபடி மறுபடி பிடித்துப் பார்த்தேன். இருவரும் அதை வைத்து வெகுநேரம் விளையாடினோம்.

"என்னப்பா, வந்துடுச்சா?" என்றாள் மகள். பத்து பதினைந்து என்று எழுதினேன். மாலைக்குள் பதினான்கு முறை எழுதினேன். மனைவி மூன்று தடவை வந்து நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வயர் அக்கா சொன்னது பாதிப் பேருக்கு வருகிற விஷயம், பாதிப் பேர் என்றால் ஊரில் பாதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாரியம் என் நோட்டை நிராகரித்தது. காரணம் இரண்டு. ஒன்று, தகப்பன் அக்கறையுள்ள தரப்பு. இரண்டாவதை அப்படியே தருகிறேன்: "இதயம் சீரற்றது என்று கூறும் ஆவணத்தில் கையெழுத்து இவ்வளவு சீராக இருப்பது ஐயத்துக்கு இடமளிக்கிறது."

மூன்றாவது வியாழக்கிழமையும் ஒன்றும் வரவில்லை. பொய்ப் புகார் நோட்டீஸை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது வேறு. கெட்டியான தாளில், பொன்னிற ஓரத்தோடு. மூன்று முறையும் சீரின்மை ஆஜராகாத காரணத்தால் என் மகளின் இதயம் சீரானது என்று வாரியம் தீர்மானித்திருக்கிறது. அத்துடன் குடும்ப வரலாற்றுக் கட்டங்கள் யாவும் மாசற்றிருப்பதால் எங்கள் குடும்பம் இவ்வாண்டின் முன்மாதிரித் தாளக் குடும்பமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. திங்கட்கிழமை ஆண்டு விழாவில் குடும்பத் தலைவர் மேடையேறிச் சட்டமிட்ட சான்றிதழைப் பெற வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குத் துறைமுக வேன் வீட்டு வாசலுக்கு வரும்.

மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு நாட்கள் நிமிர்ந்தே இருந்தது. வெள்ளைச் சட்டையை நானே தேய்த்தேன். மனைவி தலைவலி என்று விழாவுக்கு வரவில்லை.

தரைத்தளத்தில் பெரிய கூடம். முந்நூறு பேர். டக் டக் ஒலியைக் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தார்கள். வாரியத் தலைவர் பருத்த, வெளுத்த மனிதர். நல்ல குரல். அவர் பேசியதில் எனக்கு நினைவிருப்பதைத் தருகிறேன்.

"இந்த வாரியம் எத்தனை இதயங்களைக் குணப்படுத்தியிருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். பெருமையோடு சொல்கிறேன், ஒன்றைக்கூட இல்லை. அது மருத்துவர்களின் வேலை. வாரியம் தொடங்கியபோது இந்நகரில் சீரற்ற இதயங்கள் எட்டாயிரம். இன்று முந்நூறு. முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் நெஞ்சில் கை வைத்து, எனக்குத் தப்புகிறது என்று சொல்லிவிடலாம். இன்று நாற்பத்திரண்டு கட்டங்களைத் தாண்டி, ஆறு மாடி ஏறி, குறித்த நேரத்தில் தப்ப வேண்டும். அத்தனை ஒழுங்காகத் தப்பக்கூடிய இதயத்தை எப்படிச் சீரற்றது என்று சொல்வது?"

கை தட்டினார்கள். அவர் பேச்சை நிறுத்தி, இடது மார்பில் உள்ளங்கையை வைத்து, சற்றே மேலே பார்த்தார். மேடையோரம் இருந்த செயலாளர் "தலைவர் உரையில் இடைநிறுத்தம்" என்று குறித்துக்கொண்டார். தலைவர் தொடர்ந்தார்.

"விமரிசகர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நம் சான்றிதழ் பெற்றவர்களில் பதினோரு பேர் காலமானார்கள். வருந்துகிறோம். ஆனால் பதினோரு பேரும் சீரான இதயத்தோடுதான் காலமானார்கள் என்பதை ஆவணங்கள் காட்டுகின்றன. ஒருவர் பணியிலிருக்கும்போதே, உயரத்தில். சரக்குக்குச் சேதமில்லை."

அதற்கும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் மகள் தட்டவில்லை. அவளுக்கு அந்த ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு முன்மாதிரிக் குடும்பத்தின் தலைவர் மேடைக்கு வரவும் என்றார்கள்.

பன்னிரண்டு படிகள். ஒலிக்கேற்பக் கால் வைக்கக்கூடாது என்று வைராக்கியமாக ஏறினேன். தலைவர் சட்டத்தை நீட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் குடும்பத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. என் தகப்பனார் உயிரோடிருந்தால் அதை நடுக்கூடத்தில் மாட்டியிருப்பார். எத்தனையோ கடைக்காரர்கள் அடியில் துளைபோட்டு ஈயம் உருவிய எடைக்கல்லை என் கண்ணெதிரே தராசில் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் தெரியாது. கையில் எடுத்தால் தெரிந்துவிடும். அந்தச் சட்டத்தை நான் கையில் எடுத்தேன்.

ஒலிவாங்கி முன்னால் இருந்தது. "பதினேழாவது கட்டத்துல நான் பொய் எழுதியிருக்கேன்," என்றேன். "என் அண்ணன் முப்பத்தோரு வயசுல இதயம் நின்னு போனான். வழுக்கி விழல." அதற்குமேல் பேசியது கூடத்தில் கேட்கவில்லை. ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். டக் டக்கைக் கூட்டினார்கள்.

என்னையும் மகளையும் தலைவரின் அறைக்கு அழைத்துப் போனார்கள். அவர் கோபப்படவில்லை. தண்ணீர் வரவழைத்தார். செயலாளர் ஒரு பழைய பதிவேட்டின் நகலை மேசை மேல் விரித்தார். முன்மாதிரிக் குடும்பம் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முன் நாங்கள் விசாரிக்காமலா இருப்போம் என்றார் தலைவர். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய இறப்புப் பதிவு. என் அண்ணனின் வயது, இடம். காரணம்: மாடிப்படியில் வழுக்கி விழுந்து. அறிவித்தவர் கையொப்பம் என்ற இடத்தில், அப்பாவின் கை அன்று நடுங்கியதால், நான் போட்ட கையெழுத்து. இருபத்து நான்கு வயதிலும் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறேன்.

"இது பொய் சார். அன்னைக்குச் சொன்னதும் பொய், போன மாசம் எழுதினதும் பொய்."

"ஐயா," என்றார் அவர், மிகுந்த கனிவோடு. "நாற்பத்து நாலு வருஷமா ஒரு குடும்பம் ஒரே வாக்குமூலத்துல நின்னிருக்கு. இந்த மாதிரி உறுதி இப்போ எங்கயும் பார்க்க முடியாது. இன்னைக்கு ஏதோ உணர்ச்சிவசப்பட்டு உங்க குடும்பப் பேரை நீங்களே கெடுத்துக்க நாங்க விடமாட்டோம். அதைக் காப்பாத்துறது இனிமே வாரியத்தோட பொறுப்பு."

திருத்தம் செய்ய வழியே இல்லையா என்று கேட்டேன். உண்டு என்றார் செயலாளர். இறந்தவரின் ஈ.சி.ஜி. வேண்டும், இறந்த நேரத்தில் எடுத்தது. அல்லது அவரே நேரில் வந்து ஆட்சேபிக்கலாம். எதுவானாலும் தொண்ணூறு நாட்கள். அதுவரை சான்றிதழ் செல்லும். நாளை காலை ஆறு மணிக்கு அவள் ஏறத்தான் வேண்டும். சீரான இதயம் உள்ளவர் ஏற மறுத்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.

மகள் பதிவேட்டில் இருந்த என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று, படியில் பார்த்து இறங்கணும் என்று அவளுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தவன் நான்.

"நானும் விழுந்தேன்ப்பா," என்றாள். "பரிசோதனைக்கு முந்தின வாரம், கூண்டுக்குள்ள. கண்ணைத் திறந்தப்போ பெட்டி அந்தரத்துல ஆடிட்டிருக்கு, கீழ லாரிக்காரர் ஹார்ன் அடிக்கிறார். எவ்வளவு நேரம்னு தெரியல."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், நான்.

"கிரேன் போயிடும். அதுக்கு மேல உங்க முகம். தூங்கிட்டேன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன்."

தலைவர் இருமினார். மயக்கம் இந்த வாரியத்தின் வரம்பில் வராது என்றார். அதற்கென ஒரு வாரியம் அமைக்கும் திட்டம் இருக்கிறது, அமைந்ததும் முன்னுரிமை தருவார்கள். சட்டமிட்ட சான்றிதழை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்து வாசலில் இருந்த காவலாளியின் நாற்காலியில் வைத்துவிட்டேன்.

வெளியே வயர் அக்கா நின்றுகொண்டிருந்தாள். மேடையில் நான் சொன்னதைக் கேட்டிருந்தாள். மயக்கமும் உண்டு என்று மகள் சொன்னதும் அவள் முகம் மாறிய விதத்தை நான் மறக்கப் போவதில்லை. ஒரு மருத்துவரின் பெயரையும் தெருவையும் எழுதிக் கொடுத்தாள். வாரியத்தில் வேலை பார்த்துவிட்டு விலகியவர். நாளை ஒன்பது மணிக்குத் திறப்பார், முதல் ஆளாகப் போய் நில்லுங்கள், எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லுவார், நாள் முழுக்கத் துடிப்பைப் பதிக்கிற சின்னப் பெட்டியை உடம்பில் கட்டி அனுப்புவார், பயப்படாதீர்கள், தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "தெரியாம இருந்தாத்தான் சார் இல்ல," என்றாள். அன்று அதிகாரிகளின் லிஃப்டும் வேண்டியிருக்கவில்லை, தரைத்தளத்தில்தான் நின்றோம். ஆனாலும் தெருவுக்கு இறங்கும் நான்கு படிகளில் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் நீட்டினேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "இப்பவாவது," என்றாள்.

மறுநாள் சரியாக ஆறு மணிக்கு வேன் வந்தது. வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோருடைய சட்டையிலும் வாரியத்தின் பச்சை வில்லை. ஓட்டுநர் ஜன்னல் வழியாக ஒரு பட்டியலை நீட்டி, உங்க பொண்ணு வர்றாங்களா சார் என்றார்.

எங்கள் தெரு குறுகலான தெரு. எதிர்வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். ஐம்பது ஆண்டுகளாக இந்தத் தெருவில் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்று வாசற்கதவைத் திறந்து, நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"வரமாட்டா. அவளுக்கு இதயத்துல கோளாறு இருக்கலாம், இன்னைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். எங்க குடும்பத்துல இருக்கு. என் அண்ணன் அதுலதான் செத்தான். வழுக்கி விழுந்தான்னு நாங்க சொன்னது பொய்."

எதிரே இரண்டு ஜன்னல்கள் திறந்தன. ஒன்றும் மூடவில்லை. நல்லது என்று நினைத்தேன். மூன்று தங்கைகளுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்ல வேண்டும்.

ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டார். பட்டியலில் எதுவும் குறிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, யாருக்கும் கேட்காத குரலில், "சார், எனக்கும் அப்பப்ப ஒண்ணு காணாமப் போகுது. ரெண்டு தடவை கண்ணு இருட்டிருக்கு. நீங்க போற டாக்டர் எந்தத் தெரு?" என்றார். அவர் சட்டையிலும் பச்சை வில்லை இருந்தது.

தெருவைச் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு கண்ணாடி விலகியது. "எத்தனை மணிக்குத் திறப்பாரு?" என்று ஒரு குரல். ஒன்பது என்றேன். வேனுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாராவது இறங்குவார்கள் என்று காத்திருந்தேன். ஆறரைக்கு வேலை தொடங்க வேண்டும். ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்பதுபோல என்னைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பினார்.

நான் தெருமுனை வரை போனேன். அங்கிருந்து துறைமுகம் தெரியும். ஆறரைக்குச் சங்கு ஊதியது. ஒன்றன்பின் ஒன்றாகக் கிரேன்கள் அசையத் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதும் அசைந்தது. அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. சான்றிதழ் உள்ளவராகத்தான் இருக்க வேண்டும்.